சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்

சின்னலங்கா, பெஜவாடா
விஜயதசமிக்கு மறுநாள்

அன்பு மகள் ஹைமவதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், வீடும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சாஹிதிக் குட்டியும் குளிரில் நடுங்காமல் இருக்க துர்க்கம்மாவை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். வெள்ளம் வந்தபோது என்ன நடந்தது என்று நீ எத்தனை தடவை கேட்டுவிட்டாய், ஒரு தடவைகூட என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. போனில் பாதியில் நீ அழுதுவிடுகிறாய், மீதியை உன் அப்பா பிடுங்கிக்கொண்டு சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது, அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி, அழாதே, அழுகிறமாதிரி ஒன்றும் இதில் இல்லை.

முதலில் அந்த அபார்ட்மெண்ட் பேச்சு. பென்ஸ் சர்க்கிள் பக்கம் எட்டாம் மாடியில் வீடு பார்த்திருக்கிறேன், இந்தப் பள்ளத்தை விட்டு மேலே வாருங்கள் என்கிறாய். நீ இருக்கிற ராட்டர்டாமே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று மாப்பிள்ளைதான் சொன்னார். நீ போய் அங்கே பள்ளத்தில் குடியிருந்துகொண்டு என்னை மேலே ஏறச் சொல்கிறாயே, இது என்ன நியாயம்? உன் தாத்தா கிருஷ்ணா ஆற்றில் அணை கட்டும் வேலைக்குக் கல் சுமக்க வந்தவர். வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரர் ஊருக்குப் போகச் சொன்னார், இவர் போகவில்லை. ஆறு ஒதுக்கிப் போட்ட வண்டல்மேல் நாலு மூங்கில் நட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எதிரே, இன்னும் ஆற்றை ஒட்டி, யேசுபாதம் மாமாவின் அப்பா உட்கார்ந்தார். இரண்டு குடிசைக்கும் நடுவில் இருந்த இடம்தான் பிற்பாடு தெரு ஆனது, அதன்பின் பேட்டை ஆனது, அதன்பின் கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும் இடம் ஆனது.

நான் கல்யாணமாகி வந்த அன்று வீட்டுக்குள் ஓர் ஏணி சாத்தியிருந்ததைப் பார்த்து வெள்ளையடிக்கிறார்கள் என்று நினைத்தேன். உன் பாட்டியிடம் கேட்டதற்கு, "வருஷத்துக்கு ஒரு தடவ கிருஷ்ணம்மா உள்ள வருவா. அவ கீழ இருப்பா, நாம மேல இருப்போம். சண்டையெல்லாம் கிடையாது" என்றார். நான் திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன், ஓடினால் மேட்டுச் சாலை வரைக்கும் சேறு. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஒன்று மாறும், அதைத்தான் நீ பார்த்திருக்கிறாயே. குடிசை போய் ஓடு வந்தது. ஓடு போய்க் காங்கிரீட் வந்தது. தரையை இடுப்புயரம் தூக்கிக் கட்டினோம், மின்சார மீட்டரைக் கூரைக்குப் பக்கத்தில் வைத்தோம், ரீடிங் எடுக்க வருகிறவர் ஸ்டூல் கேட்டுத் திட்டுவார். இந்தத் தெருவில் யேசுபாதம் மாமா கட்டாத படிக்கட்டு ஒன்று காட்டு பார்க்கலாம். நம் வீட்டு மாடியும் அவர் கட்டியதுதான். அவர் கொத்துக்கரண்டி வைத்துக்கொண்டு ஒரு பக்கம், நீயும் அவர் மகள் கருணாவும் மணலில் வீடு கட்டிக்கொண்டு இன்னொரு பக்கம்.

அப்படியும் மேட்டுச் சாலையில் இருக்கிறவர்களுக்கு நாம் கீழேதான். ஆட்டோ மேட்டிலேயே நின்றுவிடும். உனக்கு வந்த முதல் வரன் வீட்டார் காரை விட்டு இறங்காமலே, மேட்டுக்குக் கீழே பெண் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்களே, அன்றைக்கு உன் அப்பா சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்துதான் ஆற்றோரம் தடுப்புச்சுவர் வேண்டும் என்று அலைய ஆரம்பித்தார். பஸ் கண்டக்டர் வேலையில் இருந்து ரிடையர் ஆனபின்னும் தோல்பையை விடவில்லை, அதில் மனுக்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினார். இப்போது அதே வரன் வீட்டு அம்மா, ஷூ மாட்டிக்கொண்டு தினமும் சுவர் ஓரத்துப் பாதையில் வாக்கிங் வருகிறார். என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், நம் மாப்பிள்ளை எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டு.

ஆனால் சுவர் சும்மா வரவில்லை. அது உனக்கும் தெரியும், தெரிந்ததால்தான் நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆற்று வரிசை வீடுகளில் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அத்தனை வீடும் போகவேண்டும், மாற்று வீடு ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் என்றார்கள். யேசுபாதம் மாமா நம் வாசலில் வந்து நின்று, "மச்சான், மனுவுல மொதக் கையெழுத்து உன்னோடது. என் வீட்டு மேல இந்தச் சிவப்ப பூசினது நீதான்" என்றார். உன் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சுவர் வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே" என்றார். "எல்லாருக்குமா? என்னையும் சேத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். அவர் கட்டிய வீட்டை அவரே கடப்பாரை பிடித்து இடித்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. அதன்பின் பேச்சு இல்லை. அவர் மனைவி சலோமி அத்தை மட்டும் கிறிஸ்துமஸுக்கு யார் கையிலாவது கேக் கொடுத்தனுப்புவாள், நான் சங்கராந்திக்கு வெல்லம் போட்டு அரிசெலு சுட்டு அனுப்புவேன். எங்கே இருந்து வந்தது என்று இரண்டு ஆண்களும் கேட்கவும் மாட்டார்கள், ஒரு துண்டு மிச்சம் வைக்கவும் மாட்டார்கள்.

இப்போது வெள்ளத்துக்கு வருகிறேன். விடிந்ததும் மைக் கட்டிய ஆட்டோ தெருத் தெருவாக வந்தது, மேலே அணைகளைத் திறந்துவிட்டார்கள், எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று. பாதித் தெரு மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறியது. உன் அப்பா நகரமாட்டேன் என்றுவிட்டார். "அப்புறம் இந்தச் சுவர் எதுக்கு?" என்கிறார். அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போவேனா? மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தேன். ஹைமா, அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு நம் தெருவைவிட உயரத்தில் நிற்கிறது, வாழைமரம், வைக்கோல் போர், யார் வீட்டுக் கட்டிலோ, எல்லாம் தெருவில் நிற்கிறவர் தலைக்கு மேலே மிதந்து போகிறது. இந்தப் பக்கம் தெரு காய்ந்து கிடக்கிறது, ஒரு கோழி நிதானமாக நடக்கிறது. உன் அப்பா சுவரோரம் போய் மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் அதைத் தட்டிக்கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. ஓரச் சந்தில் சாக்கடை மூடி குபுகுபு என்று பொங்க ஆரம்பித்தது. நம் சாக்கடை சுவருக்கு அடியில் போய் ஆற்றில் விழுகிறதல்லவா, அந்த வாயில் இருக்கும் இரும்புக் கதவில் ஏதோ மரம் வந்து சிக்கிக்கொண்டதாம், கதவு மூடவில்லை, ஆறு அந்த வழியாகவே உள்ளே வருகிறது. கணுக்கால், கொஞ்ச நேரத்தில் முழங்கால். நகராட்சியிலிருந்து ஓர் எஞ்சினியர் பெண் வந்தாள், கருணா வயதுதான் இருக்கும், ஜீன்ஸை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். "இந்த மூடியச் சுத்தி மூட்டைய வட்டமா அடுக்கணும்மா. கிணறுமாதிரி கட்டிட்டோம்னா தண்ணி அதுக்குள்ளயே ஏறி நின்னுடும்" என்று தெளிவாகச் சொன்னாள். மோட்டாரும் வந்துகொண்டிருக்கிறது என்றாள். ஆனால் மூட்டை அடுக்க ஆள் எங்கே? இருந்தவர்கள் உன் அப்பா வயதுக்காரர்கள். தூக்கினால் மூட்டை எழும்பவில்லை, இடுப்புதான் பிடித்துக்கொண்டது. உன் அப்பா தண்ணீரில் நின்றுகொண்டு சுவரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, சலோமி அத்தைக்குப் போன் போட்டேன். உதவி கேட்கக்கூட இல்லை, எந்த முகத்தோடு கேட்பது? "அண்ணி, சாக்கடை வழியா ஆறு உள்ள வருது" என்று மட்டும் சொன்னேன். அவள், "இரு மாணிக்யம்" என்றாள், வைத்துவிட்டாள். எனக்கு மனசு சுருங்கிப்போயிற்று, சரி, நமக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு மாவு டப்பாக்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போது மேட்டுச் சாலையில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் மூன்று டிராக்டர். பெட்டி நிறைய மணல் மூட்டை, மூட்டைமேல் ஆட்கள். அத்தனை பேரும் ஆற்று வரிசைக்காரர்கள், ஹைமா. வீடு இடிபட்டுப் போனவர்கள். எந்தச் சுவருக்காகப் போனார்களோ அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற தெருவைக் காப்பாற்ற வந்திருக்கிறார்கள். முதல் டிராக்டரில் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு உன் யேசுபாதம் மாமா. அவர்கள் காலனியில் ஏதோ கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலாம், அந்த மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வந்தவர் உன் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "தங்கச்சி, அந்த மனுஷன ஓரமா நிக்கச் சொல்லு" என்றார். உன் அப்பா என்னைப் பார்த்து, "நான் ஓரமாத்தான் நிக்கறேன்னு அந்தாள்கிட்ட சொல்லு" என்றார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை தூரம். நான் யாரிடமும் எதையும் சொல்லாமல் மூட்டையைப் பிடித்தேன். அந்த எஞ்சினியர் பெண் வட்டம் காட்டினாள், மாமா அடுக்கினார், செங்கல் அடுக்குவதுபோல் ஒன்றன் இணைப்புமேல் மற்றொன்று வருகிறமாதிரி. கைக்குக் கை மூட்டை போயிற்று. நாலாவது அடுக்கோ ஐந்தாவதோ, உன் அப்பா மூட்டையோடு வழுக்கினார். விழுந்திருந்தால் நேரே அந்தச் சுழலுக்குள். மாமா எட்டிச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "ஓடற பஸ்ல தொங்கிக்கிட்டு டிக்கெட் கிழிச்சவன், உனக்கு நிக்கிற தரையில நிக்கத் தெரியலயா?" என்றார். உன் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, "தெருவ நீதானே போட்ட, ஒழுங்கா போட்டிருந்தா எதுக்குடா வழுக்குது?" என்றார். அந்த எஞ்சினியர் பெண்தான் முதலில் சிரித்தாள். அவ்வளவுதான், அத்தனை வருஷம் அங்கேயே கரைந்துபோயிற்று. அதன்பின் இரண்டு பேரும் வாயை மூடவே இல்லை, ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சண்டை.

மத்தியானத்துக்குள் தண்ணீர் வட்டத்துக்குள் ஏறி நின்றுவிட்டது. மோட்டார் வந்து தெருவை இறைத்தது. நம் வீட்டு முதல் படியோடு நின்றது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. மொட்டைமாடியில் பெரிய அண்டாவில் உப்புமா கிண்டினேன், போன வருஷத்து ஆவக்காய் ஜாடி முழுதும் காலி. அத்தனை பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மேட்டில் ஒதுங்கியிருந்தவர்களும் வந்துவிட்டார்கள், பார்ப்பதற்குக் கல்யாண வீடுபோல் இருந்தது. சாப்பிட்டபின் ஆற்று வரிசைப் பெண்கள் சுவரோரப் பாதைக்குப் போய் அவரவர் வீடு இருந்த இடத்தைத் தேடினார்கள். சலோமி அத்தை ஒரு விளக்குக் கம்பத்தின் பக்கத்தில் நின்று, "என் அடுப்பு இங்கதான் இருந்துச்சு மாணிக்யம்" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். காலால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, வெளிச்சமாவது போட்டு வச்சிருக்காங்க" என்றாள். அவளுக்குப் பதிலாக நான்தான் அழுதேன்.

அன்று சாயங்காலம் அவர்கள் டிராக்டரில் ஏறும்போது உன் அப்பா பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார், விடவே இல்லை. "அங்க நாலாவது மாடி, முட்டி வலியோட ஏறி எறங்கறியாமே. என் மாடி சும்மாத்தான கெடக்கு, வந்து இரு" என்றார். மாமா, "அது உன் மாடியா? நான் கட்டினது" என்றார். "அப்ப வந்து இருந்துக்க, எவன் வேணாங்கிறான்?" என்றார் இவர். போன வாரம் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டார்கள். நீ ஊருக்கு வந்தால் தங்க வைத்திருந்த அறையை உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே, சங்கராந்திக்கு வந்தால் கூடத்தில் பாய் போட்டு எல்லாரும் வரிசையாகப் படுத்துக்கொள்ளலாம். இப்போது காலையில் மேலே பைபிள், கீழே விஷ்ணு சகஸ்ரநாமம், நடுவில் படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து சுவரில் எங்கே பூச்சு சரியில்லை என்று சண்டை. இதை விட்டுவிட்டு நான் எட்டாம் மாடிக்கு எதற்கு வரவேண்டும்? நீ உன் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

சாஹிதிக்கு வெள்ளிக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வை, அங்கத்திய காற்றில் முடி வைக்கோலாகிவிடும். மாப்பிள்ளைக்குப் புது ஆவக்காய் போட்டதும் அனுப்புகிறேன். இதுவரை எழுதியதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், தான் வழுக்கவில்லை, மூட்டைதான் நகர்ந்தது என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். வழுக்கினார்.

எல்லாத் தெய்வங்களும், மேல்மாடியில் இருக்கும் தெய்வமும் சேர்த்து, உங்கள் மூவரையும் நன்றாக வைத்திருக்கட்டும். முக்கியமான ஒன்று. கருணா இப்போது நெல்லூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை லீவு. எங்கள் கிழங்களின் சண்டையை நீங்கள் இரண்டு பேரும் எதற்குத் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நம்பரை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. நாம்தான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள், நாம்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
மாணிக்யம்