கணினிக்குள் குடியிருக்கும் கணினி

மார்ச் 9, திங்கள்

மதியம் மூன்று மணிக்கு மறுபடியும் நீலத் திரை. இந்த முறை வசமாக மாட்டிக்கொண்டேன். நாத்தனாரின் இடது காதுக் கருவியில், அவள் காதுக்கேற்ற புது ஒலி அளவுகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் கணினி படுத்துவிட்டது. திரும்ப எழுந்தபோது கருவி காலி. ஊமை.

அவளுடையது பழைய ரகம். அதற்கான மென்பொருள் பழைய கணினியில்தான் ஓடும். அதனால் என் கிளினிக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியைக் குடிவைத்திருக்கிறேன் — விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். குடிவந்தவன் வீட்டுக்காரனையே கீழே தள்ளுகிறான்.

"ஆச்சா அண்ணி?" என்றாள்.

"கருவியில ஏதோ கோளாறு. வச்சிட்டுப் போ." வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். இருபதாம் தேதி மேலிடத்திலிருந்து வகுப்பைப் பார்க்க வருகிறார்கள். புதுக் கருவி வர ஆறு வாரமாகும். ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு முப்பது பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பாள்?

மார்ச் 10

கணினி ரிப்பேர்காரர் போனில்: "ஃபார்மட் பண்ணிடலாம் மேடம்." எதற்கெடுத்தாலும் ஃபார்மட். தலைவலி என்று போனால் தலையை எடுத்துவிடச் சொல்வார் போலிருக்கிறது. உள்ளே குடியிருப்பதும் அதோடு போய்விடுமே!

இன்னொரு முறை பாதியில் நின்றால் அவள் கருவி மொத்தமாகப் போய்விடலாம். அலமாரியில் அதே ரகத்தில் ஒன்று, யாரோ வேண்டாமென்று விட்டுப்போனது, கிடக்கிறது. இனி சோதனை எல்லாம் அதில்தான்.

மார்ச் 11

காலையில் நான்கு முறை ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. மதியம் முதல் முயற்சியிலேயே நீலம். காலை எது, மதியம் எது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? காரணம் தெரியாமல் காலையில்கூட அவள் கருவியைத் தொடப் பயம்.

மார்ச் 12

சூடா? மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். நீலம். கேபிளா? மாற்றினேன். நீலம். எரிச்சல் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சுவாரசியம் வருகிறது. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 13, வெள்ளி

சாப்பிடும்போது கணவர் சொன்னார்: "ஒரு புள்ள தங்கச்சியோட இடது பக்கம் நின்னு அழுதிருக்கு. இவளுக்குக் கேக்கவே இல்லையாம். பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து சொன்னாங்களாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவருக்கு மோர் ஊற்றினேன்.

மார்ச் 16, திங்கள்

பிடித்துவிட்டேன்! மதியத்துக்குள் நான் நோயாளிகள் பட்டியல், அறிக்கைகள், மெயில் என்று எல்லாவற்றையும் திறந்துவைத்துவிடுகிறேன். இன்று காலை ஒன்பதுக்கே அத்தனையும் திறந்தேன் — நீலம். மூன்று மணிக்கு அத்தனையும் மூடினேன் — சமர்த்தாக ஓடியது. அப்படியானால் மெமரி.

அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். மொத்தம் இருப்பது எட்டு ஜிபி. அதில் ஏழு குடிவந்தவனுக்கு. யார் கொடுத்தது? நானேதான். போன மாதம் பழைய மென்பொருள் மெதுவாகத் திறக்கிறதென்று கூட்டினேன், போதாதென்று இன்னும் கூட்டினேன். "சத்தத்தைக் கூட்டினா மட்டும் தெளிவா கேக்காதுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓதுகிறவள் செய்த வேலை!

மூன்றாகக் குறைத்தேன். எல்லாவற்றையும் திறந்துவைத்தபடி, அலமாரிக் கருவியில் பத்து முறை ஏற்றினேன். ஒரு தும்மல்கூட இல்லை.

மார்ச் 17

வீட்டுக்கு வந்திருந்தாள். வலது பக்கமாக உட்கார்ந்து சொன்னேன். "கருவியில கோளாறு இல்ல. தப்பு என்னோடது. அன்னிக்கே தெரியும்."

"ஒரு வாரமா சொல்லலையே அண்ணி."

அவ்வளவுதான். டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 18

புது அளவுகளை அவள் கருவியில் ஏற்றினேன். நான்கு நிமிடம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. நல்லபடியாக முடிந்தது. அவரிடம் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 19

அவளிடமிருந்து ஒரு மெசேஜ்கூட இல்லை.

மார்ச் 20, வெள்ளி

மாலையில் போன் அடித்தது. அவள்! காது கேட்பது போதாமல் அவள் போனில் பேசியே ஒரு வருடமாகிறது, எதுவானாலும் மெசேஜ்தான்.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு" என்று வகுப்புக் கதையை ஒரே வரியில் முடித்தாள். பிறகு ஆரம்பித்தாள். "என்னை என்ன மடச்சின்னு நெனச்சீங்களா? அந்தப் புள்ள முகத்துல நான் எப்படி முழிப்பேன்? வேற யாராவதா இருந்தா உங்களை மாதிரி ஆளுகிட்ட திரும்ப வருவாங்களா?"

நடுநடுவே வாய்க்குள்ளேயே "தப்புதான்" என்றேன், "மன்னிச்சுக்கோ" என்றேன். ஒவ்வொன்றுக்கும் சுடச்சுடப் பதில் வந்தது. இருபது நிமிடம் திட்டினாள். ஒரு தடவைகூட "என்ன?" என்று கேட்கவில்லை.