அரை முகத்துக்கு நூறு மெகாபிக்சல்

கேமராச் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போன என் அண்ணனுக்கு,

நெஞ்சு வலிக்கிறது என்று நீ ஆஸ்பத்திரிக்குப் போய், வீடு திரும்பாமல் போய் நாலு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே எழுதினால் நீ செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடும். இப்போது நல்ல கோபத்தில் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். உன் கேமராப் பெருமையைக் கேட்டுத் தலையாட்டிய உன் கூட்டாளிகளும் இதை வாசிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி குண்டசாலையிலிருந்து டவுனுக்கு, நம் ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் உன் கறுப்புப் பை. மாடிப்படி முழுக்க ஏறி வந்த மூச்சு அடங்குவதற்கு முன்பே அதை என் மேசையில் வைத்தார்.

"நீயே எடுத்துக்க செல்வி. கொழும்புல ஒருத்தரு கேட்டிருக்காரு, வெள்ளிக்கிழம வர்றாரு. வெளி ஆளுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. அவரு சொன்ன வெலையவே நீ குடு, போதும்."

அண்ணி பிள்ளைகளின் படிப்பைப் பார்க்க வேண்டும், சும்மா கொடுங்கள் என்று நான் கேட்க முடியாது. என்னிடம் இருப்பது ஸ்கூட்டி வாங்கவென்று சீட்டுப் பிடித்து எடுத்த காசு. கல்யாண வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளில் நீயும் உன் கேமராவும் போவீர்கள். லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸில் நின்றபடி வருவேன். இப்போது கேமராவையும் நானே தூக்குகிறேன், பஸ் மட்டும் மாறவில்லை. ஸ்கூட்டியா, உன் கேமராவா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டியிருந்தது.

அதை வாங்குகிற காலத்தில் நீ பேசிய பேச்சு இருக்கிறதே! மீடியம் ஃபார்மட், மிரர்லெஸ், சாதாரணக் கேமராவைவிடப் பெரிய சென்சர், நூறு மெகாபிக்சல். "வீட்டுச் செவரு அளவுக்குப் பெருசாக்கினாலும் படம் ஒடையாது செல்வி" என்றாய். யார் வீட்டுச் சுவர் அண்ணே? தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஒரு சுவரில் கதவு, ஒன்றில் சாமிப் படங்கள், ஒன்றை மறைத்துக்கொண்டு அலுமாரி. நம்மிடம் ஆல்பம் செய்கிறவர்களுக்குப் பெரிய படம் என்றால் காலண்டர் அளவுதான்.

தோலின் நிறம் அப்படியே விழும் என்றும் சொன்னாய். விழுந்தது, இல்லை என்று சொல்லவில்லை. விழுந்ததைத் துடைத்தது யார்? ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா படியேறி வந்து, "தங்கச்சி, புள்ளைய கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்க, அந்தப் பருவையும் எடுத்துருங்க" என்று சொன்னபோது, நீ நைசாகக் கீழே டீக்கடைக்கு இறங்கி ப்ளேன்டி குடிக்கப் போய்விட்டாய். லட்சக்கணக்கில் கொடுத்து நீ பிடித்த ஒவ்வொரு மயிர்க்காலையும் நான் உட்கார்ந்து அழித்தேன். ஒரு படம் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் தூங்கி எழும்பும். புதுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டால் மட்டும் உனக்குக் காது கேட்காது.

இருந்தாலும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். புதன்கிழமை தெல்தோட்டையில் ஒரு கல்யாணம். கழுத்தில் உன் கேமரா, தோளில் நீ முன்பு வைத்திருந்த, இப்போது என்னுடையதாகிவிட்ட பழையது. கெட்டிமேளம் கேட்டதும் உன்னுடையதைத்தான் தூக்கினேன். ஃபோகஸ் பிடிக்க அது தாலியைத் தேடுகிறது, தேடுகிறது, மாப்பிள்ளையின் கையைத் தாண்டிப் போகிறது, திரும்பி வருகிறது. அதற்குள் எல்லாரும் அட்சதையை வீசிவிட்டார்கள்.

பிறகு திரையில் போட்டுப் பார்த்தால், அரிசி ஒவ்வொன்றும் மஞ்சளோடு அவ்வளவு தெளிவாக இருக்கிறது. தாலி அதற்குப் பின்னால் பனிமூட்டத்தில் நிற்கிறது. நல்ல வேளை, அடுத்த இரண்டு முடிச்சுக்கும் பழைய கேமராவைத் தூக்கிவிட்டேன். முதல் முடிச்சு போனது போனதுதான். அந்தப் பெண் வந்து கேட்டால் என்ன சொல்வது? அரிசி நன்றாக விழுந்திருக்கிறது என்றா? நீ இருந்தால், "ஒனக்கு அதப் புடிக்கத் தெரியல" என்பாய். தெரியாதுதான். தெரிந்துகொள்ளும் வரை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

வியாழக்கிழமை காலையில் ஸ்டூடியோவைத் திறக்க வரும்போதே ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். பன்வில பக்கத்துத் தோட்டம், பெயர் முருகேசு. விடியற்காலையில் அப்பா இறந்துவிட்டாராம். நமக்கு இது புதிதில்லை. உயிரோடு இருக்கும்போது தனியாக ஒரு படம் எடுத்து வைக்க யாருக்கும் தோன்றாது. ஆள் போனதும், கேத வீட்டு வாசலில் கட்டுகிற பேனருக்குப் படம் தேடுவார்கள். ஏதாவது ஒரு கல்யாணத்தில் கூட்டத்தோடு நின்றவரை வெட்டித் தரச் சொல்லி நம்மிடம் வருவார்கள்.

"எங்க சித்தப்பா மக கல்யாணத்த ஒங்க அண்ணன்தான் எடுத்தாரு தங்கச்சி. குடும்பப் படத்துல அப்பா கடைசி வரிசையில நிக்கிறாரு. அத மட்டும் எடுத்துக் குடுங்க."

தேடி எடுத்தேன். நீ புதுக் கேமராவில் எடுத்த கல்யாணம். மேடையில் நாற்பது பேர். என் பழைய கேமராவாக இருந்தால், அவ்வளவு பின்னால் நிற்கிற முகம் பெரிதாக்கியதும் கட்டம் கட்டமாகப் போயிருக்கும். இதில் காதுப் பக்கத்திலிருந்து பெரிதாக்கிக்கொண்டே வந்தேன், முகம் வந்துகொண்டே இருந்தது. விபூதி, கன்னத்து மச்சம், தாடையில் சவரம் செய்தபோது பட்ட கீறல், கண்ணுக்குள் மண்டபத்து லைட். 'ஜெயிச்சிட்டியே அண்ணே' என்று வாய்க்குள் திட்டினேன். ஸ்கூட்டி கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். அவருக்கு முன்னால் நின்ற ஒரு அக்காவின் கொண்டையும் கனகாம்பரமும் வந்தன. மற்றப் பாதி முகம் அதற்குப் பின்னால் இருந்தது. அடுத்தடுத்து நீ எடுத்த எட்டுப் படங்களையும் திறந்தேன். எட்டிலும் அதே கொண்டை. மயிர்க்கால் தெரிய, நூறு மெகாபிக்சலில் அரை முகம்.

"மத்தப் பக்கத்தையும் போட்டுத் தர முடியுமா தங்கச்சி?" என்று முருகேசு கேட்டார்.

முடியும் என்றேன். என் வேலையே அதுதானே. இருக்கிற பாதியைத் திருப்பி அந்தப் பக்கம் ஒட்டினேன். மச்சம் இரண்டானது, ஒன்றை அழித்தேன். கீறலும் இரண்டானது, அதிலும் ஒன்றை அழித்தேன். பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத முகம். முருகேசு குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடியும் குனிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அப்பா இல்ல தங்கச்சி. அம்மா பாத்தா யாரு இதுன்னு கேப்பாங்க."

கடைசியில் அடையாள அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன். மங்கலாக, முறைத்துக்கொண்டு, ஆனால் முழு ஆளாக இருந்தார். முருகேசு அதைத் தொட்டுப் பார்த்து, "ஆமா, இதுதான்" என்றார். அதுவரை அழாமல் இருந்த மனிதர் அப்போதுதான் அழுதார்.

அவர் போன பிறகு உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. சென்சரைப் பற்றி ஒரு வருஷம் பேசினாய், லென்ஸைப் பற்றி இன்னொரு வருஷம் பேசினாய். "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மண்டபத்துக்காரர் சிங்களத்தில் "இக்மன் கரன்ன" என்று அவசரப்படுத்தியிருப்பார், பந்தி தொடங்கியிருக்கும், எல்லாம் தெரியும். அன்றைக்கு உன் பக்கத்தில் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். நானும் பார்க்கவில்லை. உன்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதி எனக்கும் சேர வேண்டியது, அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

அன்று பின்னேரமே குண்டசாலைக்குப் போய், கேமரா வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன் இரண்டு தரம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கூடப் பிறந்தவன் ஆசையாக வாங்கிய சாமானை வேண்டாம் என்கிறாளே என்று அவர் வருத்தப்படுவார் என்று பயந்தேன். அண்ணி அரிசி களைகிற கையை நிறுத்தவே இல்லை.

"எனக்கும் அதப் புடிக்காது செல்வி. ஒனக்காவது ஒதவட்டுமேன்னுதான் கொண்டாந்தேன். அது வீட்டுக்கு வந்த நாள்லருந்து அவரு எங்கள ஒரு படம் எடுக்கல. கேட்டா, வெளிச்சம் சரியில்லம்பாரு. நாளைக்கி எடுப்போம்பாரு."

நிஜமா அண்ணே? அந்த வீட்டில் என்றைக்கு வெளிச்சம் சரியாக இருந்தது? பழைய கேமராவில் வாரத்துக்கு ஒரு தரமாவது பிள்ளைகளை எடுத்துக்கொண்டிருந்தவன் நீ. அந்தக் கேமராவுக்கு ஏற்ற வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தாயா? அது வந்ததா?

வெள்ளிக்கிழமை கொழும்புக்காரர் வருவதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு குண்டசாலைக்குப் போனேன். அண்ணியையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் வெளிச் சுவரோடு நிற்கச் சொன்னேன். மழைக்கு இருட்டிக் கிடந்தது. அண்ணி வழக்கம்போலப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். "முன்னுக்கு வாங்க அண்ணி" என்றேன். வந்தார். சின்னவளின் தோளில் ஒரு கையை வைத்தார். முந்தானையைச் சரிசெய்தார். பிறகு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடப்பக்கமாகத் தள்ளி நின்றார்.

உனக்கு இடம் விட்டு நிற்கிறார் அண்ணே. அவருக்கே அது தெரியவில்லை.

"இங்கிட்டு நகந்து வாங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத் தெரியாதவன் என்று உன்னைத் திட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை. பட்டனில் விரலை வைத்தேன். அப்படியே எடுத்துவிட்டேன். உன் கேமராவில்தான் எடுத்தேன். மூன்று பேருடைய கண்ணும் நன்றாக விழுந்திருக்கிறது. நீ நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு வெடிப்பு ஒவ்வொன்றும் அதே தெளிவில் விழுந்திருக்கிறது. அதற்கு உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

பதினொரு மணிக்குக் கேமரா போய்விட்டது. வாங்கியவர் நகைக்கடை விளம்பரங்களுக்குப் படம் எடுப்பவராம். அவருக்கு அது சரி. அட்டியல் அசையாமல் கிடக்கும், எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். "அத வாங்கலாமா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிற உன் கூட்டாளிகளுக்கும் இதுதான் பதில்: நகை எடுக்கிறவர்கள் வாங்குங்கள். மனிதர்களை எடுக்கிறவர்கள் முதலில் கொஞ்சம் கிட்டப் போய்ப் பழகுங்கள்.

ஸ்கூட்டிக்கு வருகிற வாரம் பணம் கட்டுகிறேன். இனிமேல் நான் எடுக்கிற குடும்பப் படத்தில் கடைசி வரிசைக்கு நானே மேடையேறிப் போவேன். சோறு ஆறினாலும், மண்டபத்துக்காரர் கத்தினாலும், எல்லா முகமும் முழுசாகத் தெரியும்வரை பட்டனை அமுக்க மாட்டேன். இது உனக்கு நான் செய்து தருகிற சத்தியம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைப் படம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அண்ணியையும் பிள்ளைகளையும் நடுவுக்கு நகர்த்தி, அந்த இடைவெளியை இல்லாமல் ஆக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும். ஒரு நாளும் செய்ய மாட்டேன்.

உன்மேல் கோபம் தீராத உன் ஒரே தங்கச்சி,
செல்வி