வலது கையின் வேலைநிறுத்தம்

மார்ச் 3

உறக்கத்துக்கு ஜென்ம விரோதியான என் அக்கா மகளுக்கு, மாமா எழுதுவது.

இனி நான் சொல்லப்போவதை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். நேற்றுக் காலை என் வலது கை வேலைநிறுத்தம் அறிவித்தது. டீ டம்ளர் விழுந்த சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் பூகம்பம் என்று பெட்டி படுக்கையோடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டார். "உனக்கு என்ன குறை?" என்று கையைக் கேட்கலாமென்றால், நாக்கும் அதே சங்கத்தில் சேர்ந்திருந்தது. நான் வாயை மூடியதைக் கண்டு உன் அத்தை சாமிக்கு விளக்கேற்றினாள். பத்தே நிமிடத்தில் சமரசம். இருவரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

நீ சாப்பிட்டாயா? ஊரார் மூளையில் தூர்வாரியது போதும், போய்ப் படு.

உன் மாமா

மார்ச் 7

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் வந்த அன்று வரிசையாக மூன்று பேருக்கு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு எடுத்தோம். எக்ஸ்ரேக்குப் போடும் ஈயக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து படித்தேன், சிரித்தேன், பையில் போட்டுக்கொண்டேன். இதுவே தொழிலாக இருந்தும் எனக்கு உறைக்கவில்லை!

இன்று ஒருவரைத் தூக்கிவந்தார்கள். "போன வாரம் சீப்பு கையவிட்டு நழுவிச்சு டாக்டர், கொஞ்ச நேரத்துல சரியாப்போச்சு. தமாஷ் பண்றார்னு நெனச்சேன்" என்றார் அவர் மனைவி. தொடை வழியாகக் கம்பிவிட்டு அடைப்பை எடுத்தேன். ரத்தம் ஓடுகிறது, பேச்சு திரும்பவில்லை. அதை அந்த அம்மாவிடம் சொல்லும்போதுதான் உங்கள் டம்ளர் என் காதில் விழுந்தது.

மாமா, அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பு. அடுத்தது பத்து நிமிடத்தில் போகாது. போனை எடுக்கமாட்டீர்கள்; எனக்கு இங்கே மாற்று ஆளில்லை. இதைக் கொண்டுவரும் டிரைவரோடு புறப்படுங்கள். கெஞ்சத் தெம்பில்லை.

உங்கள் மருமகள்

அன்றே

மருமகளே,

டிரைவருக்கு டீ கொடுத்துத் திருப்பி அனுப்புகிறேன். பயமா, எனக்கா? எமனே வந்தாலும் என் கதையைக் கேட்டு உட்கார்ந்து, வேலைக்குப் போகாமல் சீட்டுக் கிழிந்துவிடும் அவனுக்கு.

மாமா

அன்று மாலை

மாமா,

வலது கைப்பக்கம் வாதம் அடித்தால் கூடவே பேச்சும் போகும். கதை சொல்லாத உங்களை அத்தை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? நான் எப்படி? டிரைவர் உங்கள் வாசலிலேயே நிற்பார்.

மார்ச் 11, உன் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, ஜன்னல் கட்டில்

மருமகளே,

என் கழுத்து ரத்தக்குழாய் செப்பனிட்ட படலம் கேள். சொந்தக்காரன்மேல் நீ கை வைக்கமாட்டாய் என்று உன் சீனியர் களமிறங்கினார். தொடையில் புறப்பட்ட கம்பி பரிவாரங்களோடு நெஞ்சைக் கடந்து கழுத்துக்கு வந்தது. என் பேரைக் கேட்டதும் அடைப்பு வெலவெலத்துச் சுவரோரம் ஒதுங்க, அங்கே ஸ்டென்ட் என்ற ஒரு வலைக்குழாயைக் காவல் வைத்தார்கள். "பேசிக்கிட்டே இருங்க சார், பேச்சு குழறுதான்னு பாக்கணும்" என்றார் சீனியர். யாரிடம்! முடிவில், "போதும் சார், வுட்ருங்க" என்று கும்பிட்டார். நான் இம்மியும் அஞ்சவில்லை. நடுங்கியது நர்ஸம்மாதான்; அவர் கையைப் பிடித்து நான் தைரியம் சொன்னேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனாய். எழுப்பவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

சரி, என் வீரமெல்லாம் புளுகு. நர்ஸம்மாவின் கையைப் பிடித்தது மட்டும் நிஜம். நடுங்கியது அவரில்லை.

மாமா