ஆசிரியர் என்ற இடத்தில் உன் பெயர்

போன திங்கட்கிழமை காலை கயத்தாறிலிருந்து ஓர் ஆசிரியை வினாத்தாள் அடிக்க என் டைப்பிங் கடைக்கு வந்தார். வேலை முடியும்வரை பையிலிருந்து இ-ரீடரை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். அதன் பட்டியலில் உன் கதைத்தொகுப்பின் பெயர் இருந்தது. கீழே, எழுதியவர் என்று உன் அண்ணனின் பெயர்.

"பொம்பளைங்க மனசு தெரிஞ்சு எழுதியிருக்காரு" என்றார். எழுதியது அவரில்லை, என் சிநேகிதியான நீதான் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அட்டையில இருந்தது படம் வரைஞ்சவங்க பேருன்னுல்லா நெனச்சேன்."

தப்பு என்னுடையது. புதூரில் உன் அண்ணனின் கம்ப்யூட்டரில்தான் அத்தனை கதைகளையும் அடித்தாய். கம்ப்யூட்டர் தன் சொந்தக்காரர் பெயரைக் கோப்புக்குள் தானாகவே எழுதி வைத்துக்கொண்டது. அதை மின்னூலாக்கி என் கணக்கில் வெளியிட்ட நான் உள்ளே திறந்து பார்க்கவில்லை. அட்டைக்காக மட்டும் இருவரும் ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டினோம். அப்பா பெயரின் முதலெழுத்தைப் போடட்டுமா என்று கேட்டேன். "என் பேருக்கு முன்னால யாரும் நிக்க வேண்டாம்ட்டி" என்றாய்.

அடுத்த மாதமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் முதல் கதை பத்திரிகையில் வந்தபோது, வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாய் என்று உன்னோடு ஆறு மாதம் பேசாதிருந்தவர் உன் அண்ணன். நீ போன பிறகு, புத்தகத்தைப் படித்தவர்கள் அவரைப் பாராட்டியிருக்கிறார்கள். அவர் மறுக்கவில்லை.

ஆசிரியை வந்த அன்றே கோப்பைத் திறந்தேன். ஆசிரியர் என்ற இடத்தில் இருந்ததை அழித்துவிட்டு உன் பெயரை மட்டும் அடித்தேன். மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று கிடந்தது, அதையும் தமிழாக்கினேன். ஆசிரியையின் கருவியில் பழையதை நீக்கிப் புதியதை ஏற்றிப் பார்த்தோம். பட்டியலில் நீ வந்தாய். பிறகு இணையத்தில் இருந்த கோப்பையும் மாற்றினேன்.

வியாழக்கிழமை உன் அண்ணன் கடைக்கு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, அவளே போயிட்டா. ஒரே குடும்பந்தான, யார் பேரு இருந்தா என்ன?"

"அப்படின்னா அவ பேரே இருக்கட்டும் அண்ணாச்சி."

"நாலு பேரு எங்கிட்ட கேக்குதாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"தங்கச்சி எழுதுனதுன்னு சொல்லுங்க. அதுல என்ன குறைச்சல்?"

பழையபடி மாற்றாவிட்டால் இந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன் என்றார். மாற்ற மாட்டேன் என்றேன். மகள் கல்யாணப் பத்திரிகையை வேறு கடையில் கொடுத்துவிட்டாராம். கொடுக்கட்டும்.

முன்பே இறக்கிக்கொண்டவர்களிடம் இன்னும் பழைய கோப்புதான் இருக்கிறது. தெரிந்தவர்களுக்கெல்லாம் புதியதை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஒரு கருவியில் தவறாக இருக்கிறது என்று தெரிந்தாலும் விடுவதாக இல்லை.

நேற்று எப்போதும்வென்றான் ஊரிலிருந்து ஒரு பெண் கவிதை நோட்டோடு வந்தாள். மின்னூலாக்க வேண்டுமாம். யார் பெயரில் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னாள்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"சத்தமா சொல்லு" என்றேன்.