ஆற்றங்கரை நடைக்குப் போட்ட பெருக்கல் குறி

அனுப்புநர்
சே. ஜலஜா, ஒன்பதாம் வகுப்பு,
த/பெ. சேதுராமன், வரைபடப் பிரிவு,
குடும்பக் குடியிருப்பு, முசஃபா, அபுதாபி.

பெறுநர்
திரு. அனந்தகிருஷ்ணன் அவர்கள்,
பணியாளர் நிர்வாக மேலாளர்,
கம்பெனித் தலைமை அலுவலகம், அபுதாபி.

பொருள்: பிரான்ஸ் ஆற்றங்கரை நடைப்பயணத்திலிருந்து என் பெயரையும், வேலையிலிருந்து ஐந்தாம் பிளாக் கார்மேகத்தின் பெயரையும் ஒரே சுற்றறிக்கையில் நீக்கியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் கம்பெனி பிரெஞ்சுக் கம்பெனி என்பதால், கோடை விடுமுறையில் பணியாளர் பிள்ளைகள் சிலரை லோத் நதிக்கரையில் நடக்க அழைத்துப் போகிறது. இந்தியப் பிள்ளைகளுக்கு ஓர் இடம் உண்டு. பொறியாளரின் மனைவி மதாம் லரிவியேர் வைத்த தேர்வில் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அவர் பெயருக்கே ஆறு என்றுதான் பொருள். அகராதியில் பார்த்தேன்.

2. இது மலையேற்றம் அல்ல. காலையில் சிறிது தூரம் ஆற்றோரம், மதியம் ஓக் மர நிழல், மாலையில் ஒரு கிராமத்தில் சூப் என்று துண்டுப் பிரசுரம் சொல்கிறது. முதியோரும் கைவீசி நடக்கலாமாம். வழியை யாரிடமும் கேட்க வேண்டாம். மரங்களில் வெள்ளைக் கோடும் அதன்கீழ் சிவப்புக் கோடும் தீட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் நேரே போகலாம். வெள்ளையும் சிவப்பும் பெருக்கல் குறியாக இருந்தால் அது தவறான வழி, திரும்ப வேண்டும்.

3. புறப்படும் முன் அவரவர் இடத்தில் ஒரு பாதையைத் தேர்ந்து, குறியிட்டு, நடந்து பழகச் சொன்னார் மதாம். முசஃபாவில் ஆறு இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே மெஸ்ஸுக்குப் பின்னால் போகும் கழிவுநீர் வாய்க்காலை ஆறாகக் கொண்டேன். மூக்கைப் பொத்திக்கொண்டால் ஓடும் நீர் ஓடும் நீர்தான். காட்டுக்குக் கம்பெனி நர்சரியை எடுத்துக்கொண்டேன். அங்கே சில வேம்புகளும் ஈச்சைகளும் ஆளுக்கொரு ரப்பர் குழாயோடு நிற்கின்றன. பாதை பிரியும் இடத்தில், குப்பைக் குழிக்குப் போகும் பக்கம் யாரும் தவறிப் போகாதிருக்க, தொழிலாளர்கள் தங்கும் ஐந்தாம் பிளாக்கின் சுவரில் வெள்ளை, சிவப்புச் சாக்குக்கட்டிகளால் பெருக்கல் குறி போட்டேன். அது வெள்ளிக்கிழமை மாலை. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கார்மேகம் என்பவருடைய அறைக் கதவு இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் பக்கத்துப் பிழை அது ஒன்றுதான்.

4. சனிக்கிழமை காலை பள்ளிப் பேருந்துக்குப் போனபோது ஐந்தாம் பிளாக் ஆட்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கார்மேகம் தன் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் மூசா ஹாரன் அடித்து, “யல்லா, ஏறுங்கப்பா, சைட்ல என்னையத்தான் திட்டுவாங்க” என்று கெஞ்சினார். அதற்குக் கார்மேகம், “சுவத்துலயே போட்டுட்டானுக பாய். இனி எந்த டூட்டிக்கு வரச் சொல்றீக?” என்றார். அவருடைய அறைத் தோழர் சேதுபதி, “பெரிய ஆளுடா நீயி. எங்களுக்கெல்லாம் சொல்லாமத்தான் கேன்சலு, ஒனக்கு மட்டும் கலர்ல போட்டுச் சொல்லிருக்கான்” என்று கேலி செய்தார். சிரித்தார்களே தவிர யாரும் பஸ்ஸில் ஏறவில்லை.

5. அந்தக் குறி கார்மேகத்தை ஊருக்கு அனுப்புவதற்கான அறிவிப்பு என்று அவர்கள் நினைத்ததற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் மூன்றாம் பிளாக்கில் சிலரை டூட்டி பஸ்ஸில் ஏற்றி, சைட்டுக்குப் பதில் விமான நிலையத்தில் இறக்கினார்கள். விசா ரத்தானதை அங்கேதான் சொன்னார்கள். ஒரு சாக்குக்கட்டிக் கோடு ஒரு பிளாக்கையே உட்கார வைத்தது என்றால், அந்தப் பலம் சாக்குக்கட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று நலத்துறை அதிகாரி திரு. முத்துராமன் அவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

6. நானே போய் விளக்கினேன். பிரசுரத்தில் இருந்த படத்தையும் காட்டினேன். கார்மேகம் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “நடக்குறதுக்கா பாப்பா பிளேன் ஏறிப் போறீக?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அங்ஙன எதும் வேலை குடுப்பானா?” என்றார். இல்லை, சும்மா நடப்பதுதான் என்றேன். பிளாக் முழுவதும் சிரித்தது. பிறகு அவர் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்தார், பஸ் புறப்பட்டது. குறியை நான் ஈரத்துணியால் துடைத்தேன். பள்ளிக்கு மட்டும் தாமதமாகப் போனேன்.

7. எல்லாம் முடிந்த பிறகு திரு. முத்துராமன் அவர்கள் காரில் வந்து சுத்தமான சுவரைப் பார்வையிட்டார். மறுநாள் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. நான் “சுவர்களுக்கு நிரந்தரச் சேதம்” விளைவித்தேனாம். கார்மேகம் “வேலை நிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார்” என்றும் இருக்கிறது. பெட்டியின் மேல் உட்கார்ந்ததைத்தான் தலைமை என்று எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் தரையில் இருந்ததால் அவர் சற்று உயரமாகத் தெரிந்திருப்பார். வெள்ளையும் சிவப்பும் எந்தக் கட்சியின் கொடி என்று என் தந்தையை அழைத்து விசாரித்தார். பிரெஞ்சு ஓக் மரங்கள் எந்தக் கட்சியிலும் இல்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

8. என் இடம் திரு. முத்துராமன் அவர்களின் மகன் தியாகுவுக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. தியாகு நல்ல பையன். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. எதிரில் இருக்கும் கடைக்குச் சோடா வாங்கவும் அவன் காரில்தான் போவான். அவனுக்கும் நடைத் தேர்வு நடந்தது. கேட்டிலிருந்து நர்சரி வரை அவன் நடக்க, அவன் அப்பாவின் கார் பக்கத்திலேயே வந்தது. தண்ணீர்த் தொட்டி வரை காருக்கு வெளியே இருந்தான், அதற்கப்பால் உள்ளே இருந்தான். “சிறப்பான நடை” என்று சான்று எழுதப்பட்டுள்ளது. கார் நன்றாக ஓடியது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். லோத் நதிக்கரைப் பாதையில் கார் போகாது என்பதை மட்டும் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுவது நல்லது.

9. என் தந்தையிடம் திரு. முத்துராமன் அவர்கள், “சார், பொம்பளப் புள்ள ஆத்தங்கரையில சுத்துனா நாளைக்கு நாலு பேரு என்ன சொல்வாங்க?” என்றும் கேட்டாராம். நதிக்கரையில் எனக்குத் தெரிந்த நாலு பேர் யாரும் இல்லை. மேலும் இதே கவலை, பெண்கள் சைக்கிள் விடக்கூடாது என்று அவர் போட்ட பழைய சுற்றறிக்கையிலும் இருந்தது. ஆண்டுதோறும் அது வேறு காரணத்தோடு வருகிறது.

10. கார்மேகத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை விமானச் சீட்டு போடப்பட்டுள்ளது. நேற்று அவரைப் பார்க்கப் போனேன். நான் மன்னிப்புக் கேட்கும் முன்பே, “நீ வெளையாட்டுக்குப் போட்ட பாப்பா, அவுக நெசமாவே போட்டுட்டாக” என்றார். அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்கு இன்னும் தெரிவிக்கவில்லை. எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்டார். நான் பல புத்தகங்கள் படித்திருக்கிறேன், ஐயா. எனக்கு ஒரு வரியும் வரவில்லை.

11. ஆகவே நான் கேட்பவை: சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று கார்மேகத்தை வேலையில் இருக்க விட வேண்டும். யாரையாவது அனுப்புவதாக இருந்தால், அவருக்குப் புரியும் மொழியில், முன்கூட்டியே, அவர் கையிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். தியாகுவுக்கும் எனக்கும் கார் இல்லாமல் மறுதேர்வு நடத்த வேண்டும். தாங்களும் உடன் நடந்தால் மகிழ்வேன்.

12. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய அலுவலகத்தால் இயலாது, ஏதேனும் ஒன்றுதான் என்றால், கார்மேகத்தின் வேலையைத் தந்துவிடவும். ஆற்றங்கரை இடத்தைத் தியாகுவே வைத்துக்கொள்ளட்டும். இதை நான் அழுதுகொண்டு எழுதவில்லை, நன்றாக யோசித்துவிட்டே எழுதுகிறேன். ஆனால் இரண்டும் ஏன் இயலாது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. இருந்தால் தாங்கள் எழுதித் தெரிவிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் பதில் வந்தால்தான் அது பதில்.

இடம்: முசஃபா
நாள்: 12.4.1978, புதன்

நேர்மையான விசாரணையை நம்பும்,
சே. ஜலஜா

நகல்: மதாம் லரிவியேர் அவர்களுக்கு, பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன். வினைச்சொல் பிழைகள் என்னுடையவை, செய்திகள் பிழையற்றவை.

தந்தையின் கையொப்பம்:

(பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் மனுவில் இது வேண்டும் என்பது விதி. கையெழுத்துப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் அம்மா சொல்கிறார். அப்பா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பஸ் வந்துவிட்டதால் இடம் விட்டு அனுப்புகிறேன்.)