கடைசிப் பக்கம் இல்லாத கதை

பாய்,

இன்று சனிக்கிழமை. சின்னவள் கோமதிக்கு வாங்கிவந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். கடலையைத் தட்டில் கொட்டிவிட்டுக் காகிதத்தை நீவிப் பார்த்தால் உள்ளே பாதிக் கதை. ஒருத்தி ரயிலுக்குக் காத்திருக்கிறாள், அதற்குமேல் கிழிந்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனேன். பெருங்காயமும் வெல்லமும் பழைய பேப்பரும் கலந்த அதே வாசனை. நீ போய்ச்சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. கடையில் இப்போது உன் மகன்தான் உட்காருகிறான். பொட்டலம் மடிக்கிற கை மட்டும் அச்சு அசல் உன்னுடையது.

சனிக்கிழமை சாயங்காலமானால் உப்பள மேஸ்திரி வேலையை முடித்துக் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டியோடு உன் கடைக்கு வந்துவிடுவேனே, ஞாபகமிருக்கிறதா? பொட்டலத்துக்கென்று நீ எடைக்கு வாங்கிப் போட்ட பேப்பர் கட்டுகள்தான் நம் நூலகம். நீ பருப்பு நிறுப்பாய். நான் மூட்டைமேல் உட்கார்ந்து சத்தம்போட்டுக் கதை படிப்பேன். நான் எட்டாவதோடு நின்றவன் என்று ஊரில் சொல்வார்கள். அந்த எட்டாவதை மூன்று வருடம் படித்தேன் என்பதை ஒருத்தரும் சொல்வதில்லை. கூட்டிப் பார்த்தால் பத்தாவதுக்குச் சமம்.

கதை உச்சத்துக்கு வரும்போது அடுத்த பக்கம் இருக்காது. அதில் நீ யாருக்கோ சீரகம் மடித்துக் கொடுத்திருப்பாய். "முடிவ நீயே சொல்லு மேஸ்திரி" என்பாய். சொல்வேன். செத்தவன் எழுந்து வருவான், கூலிக்காரன் ஜமீனை வாங்குவான், நடுவில் ஒரு புலி பாயும். மரக்காணத்தில் என்னளவுக்குக் கதைகளை முடித்துவைத்த எழுத்தாளன் இன்னொருத்தன் கிடையாது. நீ தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாதியா கொறைச்சுக்கோ" என்பாய்.

"புலிய எப்படி பாய் பாதியா கொறைக்கறது?"

"பூனையாக்கிடு."

சனிக்கிழமை படிப்பென்றால் ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றல். உன் மினி லாரியில் தார்ப்பாய் விரித்து இரண்டு குடும்பமும் ஏறிக்கொள்வோம். பொம்மையார்பாளையம் கரைக்குப் போய் உன் வீட்டம்மாவின் தேங்காய்ச் சோற்றையும் என் வீட்டுக்காரியின் இறால் தொக்கையும் காலிசெய்துவிட்டுத் திரும்புவோம். கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழி ஞாயிற்றோடு அது நின்றுபோனது. அதற்குப் பிறகு என் வீட்டில் கடல் என்ற பேச்சையே எடுக்கமுடியவில்லை. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலைத் தாண்டாமல் கிடந்தார்கள்.

வைகாசியில் நீதான் ஆரம்பித்தாய். "எவ்ளோ நாளைக்கு இப்டி பயந்துனு கெடப்பீங்க? கடலாண்ட போவ வேணாம். உப்பளத்துக்கு அந்தாண்ட சவுக்குத் தோப்பு இருக்குது இல்ல, அங்க போயி சோறு துன்னுட்டு வந்துடலாம்." என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "நான் இருக்கும்போது என்னடி பயம்?" என்றேன்.

தோப்பில் இறங்கியதுமே பெரியவள் செல்வி, உன் பேப்பர் கட்டிலிருந்து உருவிய நாவலோடு ஒரு மரத்தடியைப் பிடித்துக்கொண்டாள். படிக்க உட்கார்ந்தால் காதருகே வெடி வெடித்தாலும் திரும்பமாட்டாள். என் ரத்தமல்லவா!

நான் என் மேஸ்திரித்தனத்தைக் காட்ட உப்பள வரப்பில் ஏறி நின்றேன். உச்சி வெயில். முகத்துவாரத்துப் பக்கம் பார்த்தேன். மார்கழியில் தண்ணீர் உள்ளே ஏறியது அந்த வழியாகத்தான். பாத்திகளுக்கு மேலே வெள்ளையாக ஒரு கோடு எழுந்தது, நெளிந்தது, முன்னே நகர்ந்தது. அதற்கு முன்னால் கூடை தூக்கும் பெண்கள் வரப்பு வரப்பாகத் தலைதெறிக்க ஓடிவருகிறார்கள். வேறு என்ன வேண்டும்?

"அலை வருதுடோய்! ஏறுங்க, வண்டில ஏறுங்க!"

என் தொண்டை எப்பேர்ப்பட்ட தொண்டை என்று உனக்குத் தெரியும். சோற்றுப் பானை கவிழ்ந்தது. கைக்குக் கிடைத்த பிள்ளைகளை அள்ளிப் பின்னால் போட்டோம். உன் வீட்டம்மா முன்னால் ஏறினாள், என் வீட்டுக்காரி பின்னால். நீ லாரியை எடுத்த வேகத்தில் புழுதியில் எதுவும் தெரியவில்லை. பிரம்மதேசம் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில்தான் நிறுத்தினாய்.

அங்கேதான் என் வீட்டுக்காரி முன்பக்கம் எட்டிப் பார்த்து, "அண்ணி, செல்வி அங்கதானே இருக்குது?" என்றாள்.

"உங்களாண்ட இல்ல?"

செல்வி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நூறு கதைக்கு முடிவு சொன்ன நான் தார்ப்பாயைத் தூக்கி அடியில் தேடினேன். அப்போது நமக்கு அலை உண்மை, பாய். அது வந்துகொண்டிருக்கிறது என்றுதான் இருவரும் நம்பினோம். நீ யாரையும் கேட்கவில்லை. "பொம்பளைங்க, புள்ளைங்க எறங்குங்க" என்றாய். உன் வீட்டம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா, நீங்க எங்க போறீங்க?" என்று கத்தினாள். "நம்ம பொண்ணு அங்க இருக்குது" என்றாய். லாரி கடலைப் பார்த்துத் திரும்பியது. நான் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

பாதி வழியில் எதிரே ஒரு ஷேர் வேன். உள்ளே நிறைய உப்பளத்துப் பெண்கள். நீ பிரேக்கைப் போட்டாய். "ஏம்மா, தண்ணி எதுவரைக்கும் வந்துடுச்சு?" என்று கேட்டேன்.

"இன்னா தண்ணி?"

"அலை! நீங்கள்லாம் ஓடியாந்தீங்களே!"

"வேன் போயிடும்னு ஓடனோம். நீ இன்னாத்துக்கு மேஸ்திரி எங்களுக்கு முன்னாடி ஓடன?" வேன் முழுக்கச் சிரிப்பு. ஒரு கிழவி தலையை வெளியே நீட்டி, "கானலப் பாத்துட்டு ஓடிக்கிறாருடி, உப்பளத்து மேஸ்திரி!" என்றாள்.

பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற கானல். மார்கழிக்கு முன்பென்றால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நீ சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. தோப்பு வரைக்கும் அதே வேகத்தில்தான் ஓட்டினாய்.

கவிழ்ந்த பானையைக் காக்கைகள் மேய்ந்துகொண்டிருந்தன. செல்வி அதே மரத்தடியில் அதே சாய்மானத்தில் இருந்தாள். நான் மூச்சிரைக்கப் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம்.

"கடைசிப் பக்கம் இல்லப்பா."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்கு எட்டாவது படிப்பு போதவில்லை. அவள் பயந்துபோய், "இன்னாப்பா? சாப்பாடு ஆயிடுச்சா?" என்றாள். நீ லாரியில் சாய்ந்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் கேட்டாய்:

"எவ்ளோ ஒசரம்பா அலை?"

"பனை ஒசரம் பாய்."

"பாதியா கொறைச்சுக்கோ."

மறுநாள் முதல் கடைத்தெருவில் நான் சொன்ன கதையில் லாரியைத் திருப்பியது நானாகவும், பக்கத்தில் தொற்றிக்கொண்டது நீயாகவும் இருந்தது உண்மைதான். நீ மறுக்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "பாதி தள்ளுபடி" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுக்கப் போய்விட்டாய். அப்புறம் கதைப் பக்கங்களைச் சீரகத்துக்குக் கிழிப்பதை விட்டுவிட்டாய்; செல்விக்கென்று தனியாகக் கட்டிவைத்தாய்.

அன்றைக்கு அப்புறம் லாரியை எடுக்குமுன் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவாய். "இருக்கேன்" என்று குரல் வந்தால்தான் சாவி திரும்பும். கடைசியில் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, "பாய் மாமா?" என்று கத்துவார்கள். "நான் இல்லாம வண்டி யாரு ஓட்றது?" என்பாய்.

போன ஞாயிறு உன் மகன் எங்களைப் பொம்மையார்பாளையத்துக்குக் கூட்டிப்போனான். கடலுக்கே போனோம், பாய். கோமதி கணுக்கால் வரை நின்றாள். திரும்பும்போது பேர் கூப்பிட்டது நான்தான். எல்லாரும் சொல்லி முடித்ததும் கோமதி பழக்கத்தில், "பாய் மாமா?" என்று கத்திவிட்டாள். உன் மகன் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தான். "எடுப்பா, எல்லாரும் இருக்கோம்" என்றேன்.

கடலைப் பொட்டலத்துக் கதைக்கு முடிவு கேட்டேன்; அந்தப் பெண்ணைச் செல்வி ரயிலேற்றிவிட்டாள். நான் அந்த ரயிலில் ஒரு புலியையும் ஏற்றியிருப்பேன்.

இந்த மடலிலும் வழக்கம்போல அங்கங்கே கொஞ்சம் கூடியிருக்கும். நீ பாதியாகக் குறைத்துக்கொள், கோபமில்லை. ஆனால் மரத்தடியில் அவள் நிமிர்ந்து பார்த்தாளே, அப்போது எனக்குத் திரும்பிவந்த உயிர், அதை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதை மட்டும் குறைக்காதே. அதில் நான் ஒன்றும் கூட்டவில்லை, பாய்.