அண்ணன் கடை வாசலில் சைக்கிள் பாதை

மார்ச் 4
அண்ணனின் பர்னிச்சர் கடை முன்னால் இன்றும் சைக்கிள் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு கார். நடைபாதையிலோ அவன் பரப்பிவைத்த நாற்காலிகள். நான் எதில் போவது, ஆகாயத்திலா? ரோட்டில் இறங்கினேன். பஸ் உரசிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரி லேபில் வேலைக்கு உட்கார்ந்ததும் ஒரு ரத்த மாதிரிக்குப் பெயரை மாற்றி ஒட்டிவிட்டு, உரித்து மறுபடி ஒட்டினேன்.

சாயங்காலம் அவனிடமே கேட்டேன். "கஸ்டமர் காரும்மா. நீ இறங்கித் தள்ளிட்டுப் போனா கொறஞ்சா போயிடுவே?"

மார்ச் 6
பாதையையே எடுத்துவிட்டு கார் நிறுத்த இடம் வேண்டுமாம். வியாபாரிகள் சங்கம் மனு கொடுத்திருக்கிறது. சங்கத் தலைவர் யார்? என் கூடப்பிறந்தவன்.

மார்ச் 11
நகர மன்றக் கூட்டம். அண்ணன் மைக்கைப் பிடித்தான். "இந்தத் தெருவுல சைக்கிள்ல யாருங்க போறாங்க? நான் பாத்ததே இல்ல."

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்! எழுந்தேன். "உன் கடை வாசல்லதாண்ணா தினமும் போறேன்."

சபையே சிரித்தது. அவன் முகம் சுண்டிப்போனது. "அது வீட்டு ஆளு. கணக்குல சேராது" என்றான். மறுபடியும் சிரிப்பு. நான் ஆளே இல்லையா?

சைக்கிளில் வந்து ஓட்டுக் கேட்ட எங்கள் வார்டு மெம்பர், கார்களுக்குக் கை தூக்கினார். சைக்கிள்காரர்கள் நாங்கள் தோற்றோம்.

மார்ச் 12
அண்ணி போன். "அத்தனை பேர் முன்னால அவரோட மானத்த வாங்கிட்டியேம்மா." "என் உயிர் போனா? அத யாரு கேப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2
பாதையைச் சுரண்டிவிட்டு கார்களுக்குக் கட்டம் போட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 19
இனி நடுரோடுதான். பின்னால் ஓயாத ஹார்ன். "சாகணும்னா வேற தெருவுக்குப் போம்மா" என்றான் ஒரு கார்க்காரன். திருப்பிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

மே 7
எதிர் வங்கி ஊழியர்கள் காலையிலேயே தங்கள் கார்களால் கட்டங்களை நிரப்பிவிடுகிறார்கள். சாயங்காலம்தான் எடுக்கிறார்கள். அண்ணன் கடைக்குச் சரக்கு வரும் லாரிக்கே இடமில்லை. இன்று அவன் ஒரு கட்டில் சட்டத்தைத் தெருமுனையிலிருந்து தானே இழுத்துக்கொண்டு வந்தான். சட்டை முழுக்க வியர்வை. நல்லா வேணும் என்று நினைத்தேன். கால் கேட்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுமுனையைப் பிடித்தேன்.

கடைக்குள் இறக்கிவைத்ததும் சொன்னான்: "மெம்பர் போனே எடுக்க மாட்டேங்கறான். லாரிக்கு ஒரு இடம் கேட்டு மன்றத்துக்கு மனு எழுதிக் குடேன்."

"லாரிக்கு மட்டுமா?"

சட்டை முனையால் முகத்தைத் துடைத்தான். "சைக்கிளுக்கும் சேத்தே எழுது."

எழுதினேன். முதல் கையெழுத்து உன்னதுதான் என்றேன். போட்டான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. எனக்கும் கோபம் தீரவில்லை. அடுத்த கையெழுத்து என்னுடையது.